பழைய வண்டியும் புதிய இயந்திரமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, நாம் இலக்கியம் பற்றியே எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுதல் சிலருக்கு நகைப்பைத் தரவுங் கூடும். ஆயினும் சென்ற ஆண்டில் எமது சிந்தையை விட்டகலாது நின்ற வினா ஒன்றுண்டு. எமது வீட்டு மொறிஸ் மைனர் வண்டியின் இயந்திரம் தேய்ந்துவிட்டது. அதனைப் பழுதுபார்ப்பதா, அன்றி அதனைக் கழற்றிவிட்டு யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பொருத்துவதா என்பதே அவ்வினா. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் வீடுகளில் இன்றும் ஒஸ்ரினும் மொறிசும் நிற்கின்றன. அவர்களும் என்றோ ஒருநாள் இவ்வினாவுக்கு விடை காணவேண்டியவரே. ஆதலின் நாம் கேட்டறிந்தவற்றையும் கணக்கிட்டறிந்தவற்றையும் ஈண்டு வகுத்துரைக்கின்றோம்.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்தார். ஒரு செயலில் இறங்குமுன், அதனாற் போவது எது, வருவது எது, ஈற்றில் எம்மிடம் நிற்பது எது என மூன்றையும் எண்ணுதல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்தாகும். பல்லாண்டாக வகுப்பிற் கற்பித்துவந்த இக்கருத்தை எமது கைப்பணத்தில் வைத்துச் சோதிக்க நேர்ந்தது இதுவே முதன்முறை.

வண்டியின் வரலாறு

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டார்க் காட்சியில் வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். 1959ஆம் ஆண்டு மினி என்னும் சிறு வண்டியை வகுத்தவரும் இவரே. மைனருக்கென இவர் முதலில் எண்ணிய இயந்திரம் வேறு. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் அகன்ற இயந்திரம் ஒன்றையே அவர் கருதியிருந்தார். அது கைகூடாமற் போகவே, நிறுவனத்திடம் முன்பே இருந்த 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பழைய இயந்திரம் அவ்விடத்திற் பொருத்தப்பட்டது. அகன்ற இயந்திரத்துக்கென வகுத்த அறை மட்டும் அகன்றபடியே எஞ்சிற்று. மைனரின் முன்மூடியைத் திறந்து பார்ப்போர், இயந்திரத்தின் இருமருங்கும் வீணே கிடக்கும் இடத்தைக் கண்டு வியப்பர். பிற வண்டிகளின் இயந்திரங்களை இதனுட் பொருத்துதல் எளிதாயிருப்பதற்கு இவ்விடமே முதற் காரணம். சுருங்கக் கூறின், இயந்திர மாற்றம் என்பது மைனருக்குப் பிறப்போடு வந்தது.

அதன்பின்னும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் ஒன்றிணைந்தபின், ஒஸ்ரின் வகுத்த 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருக்கு வந்தது. 1956இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த 948, 1962இல் 1098 என அது வளர்ந்தது. வலுவும் 30 குதிரைவலுவிலிருந்து 37 ஆகி, ஈற்றில் 48 ஆயிற்று. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டிய பிரித்தானிய வண்டி மைனரே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபொழுது பதினாறு இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன.

எமது வண்டி 1958ஆம் ஆண்டுக்குரியது. 948 இயந்திரம் உடையது. இக்கல்லூரியிற் கற்று, பின்னர் ஆசிரியத் தொழில் புரிந்த எமது தந்தையார் 1964ஆம் ஆண்டில் அதனை இரண்டாங் கையாக வாங்கினார்.

இயந்திரம் தேய்ந்த வகை

இயந்திரம் தேய்ந்த காரணத்தை அறியாது மருந்து தேடுதல் முறையன்று. எமது இயந்திரம் இருவகையாலே தேய்ந்தது.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை அறியாதார் இலர். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியதாயிற்று. எமது இயந்திரம் 7.2க்கு 1 என்னும் தாழ்ந்த அமுக்க விகிதம் உடையது. அதனாலேயே அவ்வெண்ணெயை அது பெரிதும் இடியாது ஏற்றுக்கொண்டது. இக்காலத்து உயர்ந்த அமுக்க இயந்திரங்கள் அதனைப் பொறுக்கமாட்டா.

ஆயின் பொறுத்ததற்கு விலையும் உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி, அங்குள்ள எண்ணெய்ப் படையைக் கழுவிச் செல்லும்; அடியிலுள்ள இயந்திர எண்ணெயோடு கலந்து அதனையும் நீர்த்துப்போகச் செய்யும். அதனால் பிஸ்ரன் வளையங்களும் தாங்கிகளும் விரைவிலே தேயும். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாம மக்கள் இடம்பெயர்ந்த இரவில், எமது பாட்டியாரையும் அயலவர் இருவரையும் ஏற்றிக்கொண்டு இவ்வண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. நாம் அப்பொழுது ஏழாம் வகுப்பு மாணாக்கன். நடப்போரின் வேகத்திலும் குறைந்த வேகம். விடியும்வரை இயந்திரம் ஓய்ந்திலது. றேடியேற்றர் கொதித்தபோதெல்லாம், குடையில் ஏந்திய மழைநீரைத் தந்தையார் அதனுள் வார்த்தார். அவ்விரவில் இயந்திரம் எவ்வளவு தேய்ந்ததென எவரும் அளந்திலர்.

இரண்டாவது காரணம் பலரும் அறியாதது. முற்காலப் பெற்றோலில் ஈயச் சேர்மானம் இருந்தது. அது வால்வுகள் அமரும் இருக்கைகளைத் தேயாது காத்தது. 2002ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்கள் உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆயினும் மெல்லிரும்பு இருக்கைகளையுடைய பழைய இயந்திரங்களில் வெளியேற்று வால்வுகள் சிறிது சிறிதாக உள்ளே புதையலாயின. 2003ஆம் ஆண்டு நாம் இயந்திரத்தைப் பழுதுபார்த்தபோது இதனைக் கவனித்திலேம். அத்தவற்றின் பயனை இன்று கண்டோம்.

போவது

கராஜில் எமக்கு முதலிற் கூறப்பட்டது இயந்திரத்தின் விலை மட்டுமே. அது பழைய இயந்திரத்தைச் செப்பனிடும் செலவிலும் பெரிதும் மிக்கதன்று. எமது மகன், "இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கின்றது, அப்பா?" என்றான். எமக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயின் முதிய மெக்கானிக் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "மாஸ்டர், எஞ்சினை மாத்திறது இரண்டு நாள் வேலை. மாத்தின எஞ்சினுக்குக் காரைப் பழக்கிறதுதான் மாதக்கணக்கு" என்றார். அவர் கூற நாம் கொப்பியிற் குறித்துக்கொண்ட பட்டியல் வருமாறு:

முதலாவது, கியர் பெட்டி. யப்பானிய இயந்திரத்தின் பின்முகம் மைனரின் கியர் பெட்டியோடு பொருந்தாது. ஆகவே இயந்திரத்தோடு அதன் கியர் பெட்டியையும் கிளச்சையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, தாங்கு சட்டங்கள். இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் தாங்கப் புதிய சட்டங்கள் செய்து ஒட்டவேண்டும். மைனருக்குத் தனியான அடிச்சட்டகம் இல்லை, உடலே சட்டகம். ஆதலின் அடியில் எதனை வெட்டினாலும் அது வண்டியின் வலிமையை வெட்டுவதாகும்.

மூன்றாவது, கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டு. அதனை அளவுக்கு வெட்டி ஒட்டி, சுழலும்போது அதிராதவாறு சமன்செய்தல் வேண்டும்.

நான்காவது, பின்னச்சு. எமது வண்டியின் பின்னச்சு விகிதம் 4.55க்கு 1. வலுக்கூடிய இயந்திரத்தை இவ்விகிதத்தோடு ஓட்டினால், சாதாரண வேகத்திலும் அது வீணே விரைந்து சுழலும். எதிர்பார்த்த எரிபொருள் மிச்சம் கிட்டாது. 1098 மைனரின் 4.22 விகிதமோ அதனினுங் குறைந்ததோ தேடவேண்டும்.

ஐந்தாவது, பிறேக். இதுவே யாவற்றினும் தலையாயது. 1958ஆம் ஆண்டு மைனரின் நான்கு சக்கரங்களிலும் ஏழு அங்குல உருளைப் பிறேக்குகளே உள. 1962இல் 48 குதிரைவலு இயந்திரத்தைப் பொருத்தியபோதே உற்பத்தியாளர் முன்பிறேக்குகளை எட்டு அங்குலமாகப் பெருப்பித்தனர். பதினொரு குதிரைவலு கூடியதற்கே அவர்கள் அவ்வளவு கவனித்தனர் எனின், வலுவை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவோர் முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிறேக் பொருத்தாது விடுதல் பேதைமையாகும். ஓடச் செய்யும் செலவைக் கணக்கிட்டு, நிற்கச் செய்யும் செலவை மறத்தல் ஆகாது.

ஆறாவது, மின்னிணைப்பு. மைனரின் பற்றரி நேர்முனையால் உடலோடு இணைக்கப்பட்டது. யப்பானிய இயந்திரமோ எதிர்முனை இணைப்புடையது. ஆகவே கம்பிகளையும் சில கருவிகளையும் மாற்றவேண்டும். அவற்றோடு றேடியேற்றர், புகைக்குழாய், கதி காட்டும் கருவியின் கம்பி ஆகியனவும் சேரும். டீசல் இயந்திரமாயின் அதன் பாரத்துக்கேற்ப முன்தொங்கலையும் வலுப்படுத்தவேண்டும்.

ஏழாவது, பதிவு. இயந்திர இலக்கம் வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ளது. இயந்திரம் மாறின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைத் திருத்துவித்தலும், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலும் வேண்டும். வாங்கும் இயந்திரத்துக்கு முறையான சீட்டு இல்லையேல் விலை எத்துணை மலிவாயினும் அதனைத் தொடாதிருத்தலே நன்று.

இவையாவற்றையுங் கூட்டிப் பார்த்தபோது, இயந்திரத்தின் விலை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காகவே நின்றது.

வருவது

இனி வரவைக் காண்போம். இயந்திரத்தை மாற்றிய நண்பர்கள் பலரும், "முன்பு லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடியது, இப்பொழுது பதினாறு ஓடுகின்றது" என்பர். அவர் கூற்று மெய்யே. ஆயினும் அதில் ஒரு மயக்கம் உண்டு. அவர்கள் புதிய இயந்திரத்தைத் தேய்ந்த பழைய இயந்திரத்தோடு ஒப்பிடுகின்றனர். ஒப்பிடவேண்டியது செப்பனிட்ட பழைய இயந்திரத்தோடன்றோ?

ஓர் உதாரணம் கொள்வோம். தேய்ந்த இயந்திரம் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும், செப்பனிட்டது 14 கிலோமீற்றரும், மாற்றியது 16 கிலோமீற்றரும் ஓடுவனவாக வைத்துக்கொள்க. 1000 கிலோமீற்றருக்கு முறையே 100, 71, 62 லீற்றர் பெற்றோல் செல்லும். தேய்ந்ததற்கும் மாற்றியதற்கும் இடையே வேறுபாடு 38 லீற்றர். ஆனால் அதில் 29 லீற்றர் செப்பனிடுவதாலேயே மிஞ்சிவிடும். மாற்றுவதால் மேலும் மிஞ்சுவது 9 லீற்றர் மட்டுமே.

இங்கு ஒரு சிறு உத்தியையும் கூற விரும்புகின்றோம். இக்கணக்கை ரூபாயிற் போடாது லீற்றரிற் போடுதல் நன்று. ரூபாயின் பெறுமதி ஆண்டுக்காண்டு மாறுவதை 2022ஆம் ஆண்டில் நாமெல்லாம் கண்டோம். மாற்றுவதற்குச் செப்பனிடுவதிலும் எவ்வளவு மேலதிகச் செலவாகும் எனக் கண்டு, அத்தொகைக்கு அன்றைய விலையில் எத்தனை லீற்றர் பெற்றோல் வாங்கலாமென வகுத்துப் பார்க்க. அது 540 லீற்றர் என வைத்துக்கொள்வோம். 1000 கிலோமீற்றருக்கு 9 லீற்றராக அதனை மீட்டெடுக்க 60,000 கிலோமீற்றர் ஓடுதல் வேண்டும். எம்மைப்போல் ஆண்டுக்கு 3000 கிலோமீற்றர் ஓடுவோர்க்கு அது இருபது ஆண்டு. வாடகைக்கு ஓட்டி ஆண்டில் 30,000 கிலோமீற்றர் ஓடுவோர்க்கோ இரண்டே ஆண்டு. ஒரே வண்டி, ஒரே இயந்திரம், ஒரே செலவு; ஒருவருக்கு அறிவுடைமையாவது மற்றொருவருக்கு வீண்செலவாகின்றது. ஆகவே, "மாற்றலாமா?" என்று மெக்கானிக்கைக் கேட்குமுன், "ஆண்டில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகின்றோம்?" என்று எம்மை நாமே கேட்டல் வேண்டும்.

எரிபொருள் ஒன்றே வரவன்று. ஏற்றத்தில் இளைக்காமை, நெடுந்தூரம் அச்சமின்றிச் செல்லல், உதிரிப்பாகம் எளிதிற் கிடைத்தல் ஆகியனவும் வரவே. எமது தாயாரை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருத்தலின், வழியில் நின்றுவிடாத வண்டி எமக்கும் அவசியமே. ஆனால் இயந்திரம் எதுவாயினும், அதன் நம்பகம் செய்த வேலையின் செம்மையைப் பொறுத்தது. அரைகுறையாகப் பொருத்திய புதிய இயந்திரம், செம்மையாகச் செப்பனிட்ட பழைய இயந்திரத்திலும் அடிக்கடி வழியில் நிற்கும்.

நிற்பது

மூன்றாவது கணக்கே கடினமானது. வெட்டாத வண்டியை என்றைக்காயினும் வெட்டலாம். வெட்டிய வண்டியைப் பழையபடி ஆக்குதல் அரிது. பிறந்தபோதிருந்த இயந்திரத்தோடு நிற்கும் பழைய வண்டிக்கு விரும்பி வாங்குவோர் மதிப்பும் மிகுதி. ஆதலின் இயந்திரத்தை மாற்றத் துணிந்தோரும் பழையதை இரும்புக்கடைக்கு விற்றுவிடாது, எண்ணெய் பூசிப் பொதிந்து வைத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இதனாலே இயந்திர மாற்றம் தவறென்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. உற்பத்தியாளரே அதனைச் செய்ததுண்டு. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த இந்திய அம்பாசடர் வண்டிக்கு 1990களில் யப்பானிய இசுசு இயந்திரத்தைப் பொருத்தியே அதன் ஆயுளை நீட்டினர். மேலும், யப்பானிய இயந்திரம் மைனருக்கு முற்றும் அந்நியமானதுமன்று. நிசான் நிறுவனம் 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, 1953 முதல் 1959 வரை ஒஸ்ரின் வண்டிகளைத் தன் நாட்டில் உருவாக்கியது. அங்கு கற்ற ஒஸ்ரின் இயந்திரத்தின் வீச்சைக் குறைத்தே 1957இல் 988 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஒன்றை ஆக்கினர். மாணாக்கன் ஆசிரியனுக்குத் தோள்கொடுத்தலில் இழுக்கில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாம் வழி ஒன்றுமுண்டு. 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அதே குடும்பத்தது. பழைய தாங்கிகளிலேயே அமர்வது. அது கிடைக்குமாயின் உடலை வெட்டாமலே 48 குதிரைவலுவைப் பெறலாம். அதற்குரிய எட்டு அங்குல முன்பிறேக்குகளையும் சேர்த்துப் பொருத்துதல் முறை.

எமது முடிவு

முடிவு செய்யுமுன் இயந்திரத்தைத் திறந்து அளந்து பார்த்தோம். திறவாமல் முடிவு செய்தல் குருடர் யானை கண்ட கதையாகும். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன்களைப் பொருத்துதல் வழக்கம். அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60 என அது படிப்படியாகச் செல்லும். எமது இயந்திரம் தந்தையார் காலத்தில் ஒருமுறையும் 2003இல் மறுமுறையும் கடையப்பட்டு 40இல் நின்றது. ஆகவே இன்னும் ஒரு படி எஞ்சியிருந்தது. சிலிண்டர்க் கட்டையில் வெடிப்பில்லை. கிராங்குத் தண்டும் கடைந்து சீராக்கத் தக்கதாயிருந்தது. வெடிப்பு இருந்திருப்பின் இக்கட்டுரையின் முடிவு வேறாயிருந்திருக்கும்.

நாம் பழைய இயந்திரத்தைச் செப்பனிடுவித்தோம். இம்முறை ஈயமில்லாப் பெற்றோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகளையும் பொருத்துவித்தோம். எஞ்சிய பணத்தில் பிறேக்குகளைப் புதுப்பித்தோம். எமது மகனுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அவன் முறை வரும்போது, 60ஆம் படியும் தேய்ந்தபின், சிலிண்டருக்கு உறை இடுவதா, இயந்திரத்தையே மாற்றுவதா என அவன் முடிவு செய்யட்டும். வண்டியை வெட்டாது அவனிடம் கொடுப்பதனால், இரு வழியும் அவனுக்குத் திறந்தே இருக்கின்றன.

கணக்கே எம்மை இம்முடிவுக்குக் கொண்டுவந்தது என்று கூற விரும்பினோம். ஆயின், நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இயந்திரத்தை எடைக்கு விற்கக் கையெழுந்திராது என்பதையும் மறைத்தல் வேண்டியதில்லை. ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர் ஓட்டும் நிலையில் நாம் இருந்திருப்பின், அவ்வுணர்ச்சியை அடக்கிக்கொண்டு இயந்திரத்தை மாற்றியிருத்தல் வேண்டும். நல்வாய்ப்பாக எமது கணக்கும் எமது மனமும் ஒரே பக்கத்தில் நின்றன. இரண்டும் எதிரெதிரே நிற்கும் நிலை எவருக்கேனும் நேரின், கணக்கை முதலில் முழுமையாக எழுதி முடித்துவிட்டு, அதன்பின் மனத்தைக் கேட்பாராக. உணர்ச்சிக்காகச் செலவிடுதல் குற்றமன்று. எவ்வளவு செலவிடுகின்றோம் என்பதை அறியாது செலவிடுதலே குற்றம்.

விழா நாளன்று இவ்வண்டி கல்லூரி வாயிலருகே வேப்பமர நிழலில் நிற்கும். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் முன்மூடியைத் திறந்து பார்க்கலாம். செலவுக் கணக்கெழுதிய கொப்பியும் வண்டியிலேயே இருக்கும்.